எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி-யும் இருக்கும் கர்ப்பிணிக்கு: வளைகாப்புக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கும் கட்டத்திலேயே எச்.ஐ.வி., சிபிலிஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை நடக்கும். எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும் பரவும் வழிகள் ஒன்றுதான்: ரத்தம், உடலுறவு, பிரசவம். அதனால் ஒன்று வந்தவரிடம் மற்றதும் இருக்கலாம். இரண்டும் இருந்தாலும் பிள்ளையைக் காப்பாற்ற மருந்து உண்டு, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது.

டெல்டா மாவட்டங்களில் காரியம் நழுவும் இடம் வேறு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டுப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். மன்னார்குடியில் மருந்து வாங்கியவருக்கு வேதாரண்யத்தில் வலி எடுக்கும். மருந்து விவரம் எழுதிய புத்தகம் புகுந்த வீட்டு அலமாரியில் கிடக்கும், அங்குள்ள டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. பிறந்த 12 மணி நேரத்துக்குள் பிள்ளைக்குப் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி தடுப்பு ஊசி அப்படித்தான் தவறிப்போகிறது. அந்த 12 மணி நேரத்துக்கான ஏற்பாட்டை ஆறாம் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

முடிவு கையில் வந்ததும்

எச்.ஐ.வி. இருக்கிறது என்று நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) சொல்லும் முன் வெவ்வேறு வகையான மூன்று கிட்டுகளில் பார்த்து உறுதி செய்வார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் இந்த முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம். மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. பேச ஆள் வேண்டுமென்றால் 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி இருந்தால் முடிவில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்' என்று எழுதியிருக்கும். அதோடு நிறுத்தாமல் கல்லீரல் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஹெபடைடிஸ் பி வைரஸ் அளவு ஆகியவற்றுக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் ஒரு தடவை வேண்டும். அது இருந்தால் அதற்கான சிகிச்சை பொதுவாகப் பிரசவம் முடிந்து, பால் குடி மறந்த பிறகுதான். இந்த முடிவுகள் வரட்டும் என்று எச்.ஐ.வி. மருந்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். கணவருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இரண்டு பரிசோதனையும் செய்யுங்கள். ஹெபடைடிஸ் பி இல்லாத பெரியவர்களுக்கு இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என மூன்று தடுப்பூசி.

ஒரே மாத்திரை, இரண்டு வேலை

எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் தரும் கூட்டு மருந்து பெரும்பாலும் டி.எல்.டி. ஒரே மாத்திரைக்குள் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இருக்கும். முதல் இரண்டும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கும். ஹெபடைடிஸ் பி மட்டும் இருக்கும் கர்ப்பிணிக்கு வைரஸ் அளவு 2,00,000-ஐத் தாண்டினால் 28-வது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் தொடங்குவார்கள். உங்களுக்கு அது முதல் நாளிலிருந்தே டி.எல்.டி.க்குள் கிடைத்துவிடுகிறது.

இதே காரணத்தால்தான் மாத்திரையை நிறுத்துவது உங்களுக்கு இரட்டை ஆபத்து. எச்.ஐ.வி. ஏறுவதோடு, அடங்கியிருந்த ஹெபடைடிஸ் பி சீறிக் கிளம்பிக் கல்லீரலைச் சில வாரங்களிலேயே பாதிக்கலாம். சிறுநீரகத்துக்காக டெனோஃபோவிரை மாற்ற வேண்டி வந்தால், 'ஹெபடைடிஸ் பி-க்கு மாற்று மருந்து எது?' என்று அப்போதே கேளுங்கள். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பத்துக்கும் ஆகாது, டெனோஃபோவிரோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் ஆகாது.

மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்துக்குள் கல்லீரல் பரிசோதனை அளவு கொஞ்சம் ஏறுவது உண்டு. உடம்பு தேறி வைரஸை எதிர்க்கத் தொடங்குவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். ஆனால் கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்நிறமாகி, வாந்தி நிற்காமல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 'காமாலைக்கு கீழாநெல்லி அரைத்துக் குடி, இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்து' என்று அக்கறையோடு சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு டி.எல்.டி.யை நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

சத்து மாத்திரையோடு மோதாமல்

நாங்கள் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான், ஏனென்றால் இதில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. மாத்திரை ஒன்றுகூட விடாமல் சாப்பிட்டும் வைரஸ் இறங்காமல் நிற்கும். நர்சம்மா தரும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்ந்தால், அதைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும், ரத்தத்தில் ஏற விடாது. இவற்றைப் போடுவதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டி.எல்.டி. போட வேண்டும். சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். ஆனாலும் நேரத்தைப் பிரித்து வைத்தால் குழப்பமே இல்லை.

காலை எட்டு மணிக்கு இட்லியோடு ஒரு கால்சியம். பதினொரு மணிக்கு இரும்புச்சத்து மாத்திரை, தண்ணீரில் மட்டும். காபியோ டீயோ கூட வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் ஏறாது. மதியச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். இரவு ஒன்பதுக்கு, சாப்பிட்ட பிறகு, டி.எல்.டி. இரவில் வைப்பதால் காலை மசக்கை வாந்தியோடும் அது வெளியே போகாது.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்துக்கும் அதே 2 மணி, 6 மணிக் கணக்குதான். இங்கே சாப்பாட்டோடு சேர்த்தாலும் பலன் இல்லை, நேரம் விட்டே ஆக வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எழுதினால் டி.எல்.டி. போடுவதைச் சொல்லிவிடுங்கள், நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

தாய் வீட்டுக்குப் போகும் முன்

32 முதல் 36 வாரத்துக்குள் எச்.ஐ.வி. வைரஸ் அளவு பார்க்க வேண்டும். 1,000-க்குக் கீழே இருந்தால் பிள்ளைக்கு ஒரு மருந்து போதும். அதற்கு மேல் இருந்தாலோ, மருந்தைத் தாமதமாகத் தொடங்கியிருந்தாலோ இரண்டு மருந்து தேவைப்படும். அந்த முடிவை ஏ.ஆர்.டி. புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். தாய் வீட்டுக்கு அருகிலுள்ள மையத்துக்கு மாற்றுக் கடிதமும் வாங்குங்கள்.

பிறகு, பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனைக்கு எட்டாம் மாதத்தில் ஒரு நடை நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளைக்கு உடனடிப் பாதுகாப்பு தரும் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் ஊசி ஃபிரிட்ஜில் இப்போது இருக்கிறதா? நடு இரவிலும் பொங்கல் லீவிலும் அதை எடுத்துக் கொடுப்பவர் யார்? பிள்ளைக்கு எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் நெவிரபின் சிரப் இருக்கிறதா? பதில் தடுமாறினால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாள் கொடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பது ஊருக்கே தெரியும். மழைக்காலத்தில் கையில் இரண்டு வார மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். இம்யூனோகுளோபுலினை வெளியே வாங்கிவர நேர்ந்தால் ஐஸ் கட்டிமேல் நேராக வைக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து அது, உறைந்தால் வீண்.

பிறந்த 12 மணி நேரம்

இந்த இரண்டு நோய்க்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை; எச்.ஐ.வி. அளவு அதிகமாக இருந்தால் டாக்டர் முடிவு செய்வார். பிள்ளையின் தொடையில் ஒட்டிய ரத்தத்தைத் துடைத்துவிட்டு, ஒரு தொடையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0.5 மில்லி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் 100 யூனிட். இரண்டும் 12 மணி நேரத்துக்குள். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாமல் டாக்டரைக் கேட்டுப் போடுங்கள்.

நெவிரபின் சிரப் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். எடை இரண்டரை கிலோவுக்கு மேல் என்றால் நாளுக்கு ஒரு தடவை 1.5 மில்லி, இரண்டிலிருந்து இரண்டரை கிலோ என்றால் 1 மில்லி, அதற்கும் குறைந்த பிள்ளைக்கு எடையைக் கணக்கிட்டு டாக்டர் சொல்வார். ஒரு மருந்து போதும் என்ற பிள்ளைக்கு ஆறு வாரம் கொடுக்க வேண்டும்; இரண்டு மருந்து தேவைப்பட்டால் எத்தனை வாரம் என்று டாக்டர் சொல்வார். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, கன்னத்தின் உள்பக்கம் மெல்ல விடுங்கள். சங்கடையிலோ ஸ்பூனிலோ அளந்தால் பாதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பால்

ஹெபடைடிஸ் பி-க்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். எச்.ஐ.வி.க்கும், நீங்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும்வரை, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம். இந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் வீடுகளில் சண்டை வரும். பாட்டி சேனை வைக்க வருவார், சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு என்பார், இருபதாம் நாள் உரைமருந்து உரசுவார். பிஞ்சுக் குடலின் உள்தோல் இவற்றால் புண்ணானால் அந்த வழியாக வைரஸ் நுழைய இடம் கிடைக்கும். 'டாக்டர் வேண்டாம் என்றார்' என்று டாக்டர்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள். காம்பு வெடித்து ரத்தம் வந்தால் ஆறும்வரை அந்தப் பக்கப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மறுபக்கம் கொடுங்கள்.

அதன் பிறகு

ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தப் பொட்டு வைத்து எச்.ஐ.வி. பார்ப்பார்கள், அன்றே தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் சிரப்பும் தொடங்கும். 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி, அதற்குள்ளேயே ஹெபடைடிஸ் பி தடுப்பும் அடக்கம். எச்.ஐ.வி.க்கு மறுபடி 6, 12, 18 மாதங்களில் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்கு 9 முதல் 12 மாதத்துக்குள் ஒரு பரிசோதனை உண்டு. பிள்ளை நன்றாகத் தவழ்கிறதே என்று பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவாகவும் எதிர்ப்புச் சக்தி 10-க்குக் குறையாமலும் இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. நெகட்டிவ், ஆனால் எதிர்ப்புச் சக்தி 10-ஐ எட்டவில்லை என்றால் தடுப்பூசியை மறுபடி போட்டுப் பார்ப்பார்கள்.