மின்சாரம் கடத்தும் ஃபிலமென்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்துவிட்டால் கடைசி வருட மாணவர்கள் புராஜெக்ட் என்று கிளம்பிவிடுவார்கள். கும்பகோணத்தில் இருக்கும் என் பட்டறைக்குத் தஞ்சாவூர், திருவாரூர் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். இப்போது பலர் கையில் கருப்பு ஃபிலமென்ட், அதாவது 3டி பிரிண்டரில் உருக்கி அச்சிடும் பிளாஸ்டிக் இழை. பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் கார்பன் பிளாக் தூளைக் கலந்து மின்சாரம் கடத்தும்படி செய்த சரக்கு. யோசனைகள் நல்லவை. ஆனால் நான் தொடக்கத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பெட் லெவல், ஒட்டாத முதல் அடுக்கு போன்றவை எல்லா ஃபிலமென்ட்டுக்கும் பொது என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கார்பன் ஃபைபரை வாங்கி வருவது

கார்பன் ஃபைபர் ஃபிலமென்ட் விறைப்புக்காகச் செய்யப்படுவது. உள்ளே துண்டு துண்டான இழைகள், சுற்றிலும் பிளாஸ்டிக். நம் வேலைக்கு உதவாது. 'ஈஎஸ்டி' என்று போட்டிருப்பதும் நிலைமின்னை மெதுவாக வடியவிட மட்டுமே. மின்தடை எண்ணை ஓம்-சென்டிமீட்டரில் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எண் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

மோட்டார் ஓட்டப் பார்ப்பது

முடியாது. மின்தடை அதிகம் என்பதால் மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டம் போகாது. வலிந்து தள்ளினால் சூடாகும், பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும்.

மீட்டர் முனையால் குத்திப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் முறையில், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து வைப்பார்கள். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கினால் அடுத்த பாய்ச்சல். அந்த மட்டத்தை அளக்க ஒரு மாணவர் குழு பட்டை ஒன்றை அச்சிட்டு எடுத்து வந்தது. மேசையில் சரியாக இருந்தது, வயலில் வைத்ததும் எண்கள் தாறுமாறாக ஆடின. காற்றில் ஒயர் அசைந்தாலே நீர்மட்டம் ஏறியதாகக் காட்டியது. புரோகிராமைத் திருத்தினார்கள், போர்டை மாற்றினார்கள். கடைசியில் பட்டையை மீட்டரால் குத்திப் பார்த்து, 'நாற்பது கிலோ ஓம் காட்டுகிறது, ஃபிலமென்ட்டே மட்டம்' என்று முடிவு கட்டிப் புது ஸ்பூலுக்கு, அதாவது ஃபிலமென்ட் சுருளுக்கு, காசு கொடுத்தார்கள். சாதாரண பிஎல்ஏவைவிடப் பல மடங்கு விலை அது. பழைய ஸ்பூலில் ஒரு குறையும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். புரோட்டோபாஸ்டா நிறுவனம் தன் கடத்தும் பிஎல்ஏவுக்கு, அச்சிட்ட அடுக்கின் போக்கில் 30 ஓம்-செ.மீ. என்று கொடுக்கிறது. அகலம் 2 மி.மீ., தடிமன் 2 மி.மீ., நீளம் 10 செ.மீ. உள்ள பட்டைக்கு அது 7,500 ஓம். அதே அளவு செம்புக்கு ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. சரி, ஏழரை கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது எப்படி வந்தது? மிச்சமெல்லாம் முனைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இருக்கிறது. கார்பன் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உள்ளே சங்கிலியாகப் போகின்றன. மேல்தோலில் பிளாஸ்டிக்தான் அதிகம், கூர்முனை தொடுவது சில துகள்களை மட்டுமே. அழுத்தினால் எண் குறையும், விட்டால் ஏறும். ஆறு நிறையத் தண்ணீர் வந்தாலும் மடைவாய் அடைத்திருந்தால் வயலுக்கு என்ன வரும்?

அளப்பதற்கு நான்கு முனை வேண்டும். பட்டையின் இரு கோடியில் 5 வோல்ட் கொடுத்து, ஓடும் மின்னோட்டத்தை ஒரு மீட்டரில் படியுங்கள். உள்ளே தள்ளி இரண்டு இடங்களில் இன்னொரு மீட்டரை வைத்து வோல்ட்டேஜை எடுங்கள். வோல்ட் மீட்டர் மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவாக இழுப்பதால், அதன் முனை சரியாகத் தொடவில்லை என்றாலும் கணக்கு கெடாது. அந்த வோல்ட்டேஜை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள உண்மையான மின்தடை.

அப்புறம் இணைப்பு. சால்டரிங் வைக்காதீர்கள், ஈயம் உருகுவதற்குள் பிளாஸ்டிக் ஒழுகிவிடும். வெறும் ஸ்க்ரூவும் போதாது. தொடர்ந்து அழுத்தினால் பிஎல்ஏ மெல்ல அமுங்கிக் கொடுக்கும், சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். அந்தக் குழுவின் பட்டையில் நடந்தது இதுவே. விரலால் தொட்டதும் ஸ்க்ரூ ஆடியது. வரையும்போதே இரு கோடியிலும் அகலமான தட்டை விடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தோலை உரசி, மின்சாரம் கடத்தும் சில்வர் பெயின்ட் தடவி, ஒயர் இழைகளை விரித்துப் படுக்க வைத்து, அதற்கு மேல் வாஷரோடு ஸ்க்ரூ போடுங்கள். 2012இல் வாரிக் பல்கலைக்கழகத்தில் சைமன் லீ குழுவினர் 'கார்போமார்ஃப்' என்ற கலவையால் தண்ணீர் அளவை உணரும் குவளை செய்தார்கள். இணைப்புக்கான சாக்கெட்டைப் பொருளோடு சேர்த்தே அச்சிட முடியும் என்பதை அப்போதே சொன்னார்கள். இணைப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் முழு வேலையும் வீண்.

நிற்க வைத்து அச்சிடுவது

அடுக்குக்குக் குறுக்கே புரோட்டோபாஸ்டா தரும் எண் 115 ஓம்-செ.மீ. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மின்சாரம் போக வேண்டிய திசையில் படுக்க வைத்து அச்சிடுங்கள்.

ஸ்பூலைத் திறந்து போடுவது

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிஎல்ஏ இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உருகி வெளிவரும் நாஸிலில் பொரியும் சத்தம் கேட்டால் உள்ளே குமிழ் விழுகிறது, அங்கே கடத்தும் பாதை அறுகிறது. 45 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்திவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

வெறும் பட்டையைத் தண்ணீரில் விட்டு டிசி கொடுப்பது

வேண்டாம். மின்னாற்பகுப்பு நடந்து அளவு நகர்ந்துகொண்டே போகும். இரண்டு பட்டைகளைத் தகடுகளாக வைத்து, சாதாரண பிஎல்ஏவால் மூடி, அவற்றுக்கு நடுவில் மின்னூட்டம் தேங்கும் அளவை, அதாவது கெப்பாசிட்டன்ஸைப் படியுங்கள்.

கருப்புக் கசிவைக் கவனிக்காதது

அப்படி மூடி அச்சிட இரண்டு ஃபிலமென்ட் போடுவீர்கள். மாறும்போது நாஸிலிலிருந்து வழியும் கருப்பு, வெள்ளைச் சுவரில் மெல்லிய கோடாக இழுபடும். கண்ணுக்கு அழுக்கு மாதிரித்தான் இருக்கும், இரண்டு தகடுகளையும் அது சேர்த்துவிடும். வழிந்ததைத் துடைத்துவிடும் தூண் ஒன்றைப் பக்கத்தில் கட்டாயம் அச்சிடுங்கள். ஒயர் வைக்கும் முன் தகடுகளுக்கு நடுவில் மெகா ஓம் அளவில் பாருங்கள். மீட்டர் எதுவும் காட்டாமல் திறந்தே நின்றால் தொடரலாம், கிலோ ஓமில் ஏதாவது காட்டினால் அந்தத் துண்டைப் போட்டுவிட்டு மறுபடி அச்சிடுங்கள்.