தண்ணீர் டேங்கை நாமே கழுவுவது எப்படி? அடியில் தங்கும் சேற்றுத் தண்ணீரை எடுக்கும் வழியும்

மாடியில் இருக்கும் 500, 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்கைக் கழுவ உள்ளே இறங்கவே வேண்டாம். நீளக் கைப்பிடி பிரஷ் இருந்தால் வெளியில் நின்றபடியே வேலை முடிந்துவிடும். தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்கு இந்த முறை பொருந்தாது. மூடியே கிடக்கும் சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். தனியாக அதில் இறங்கவே கூடாது.

முந்தைய நாளே மோட்டாரை நிறுத்திவிட்டு, இருக்கிற தண்ணீரைப் புழங்கித் தீர்த்துவிடுங்கள். தானாக ஓடும் மோட்டார் என்றால் அதன் சென்சாரையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால், தலையை உள்ளே விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மேலேயே தண்ணீர் கொட்டும். கீசரையும் அணைத்துவிடுங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் இந்த வேலை வேண்டாம். காலி டேங்க் நகர்ந்தால் பைப் இணைப்பு விரிசல் விட்டுவிடும்.

தண்ணீர் அரை அடிக்கு இறங்கியதும், வீட்டுக்குள் போகும் வால்வை மூடுங்கள். பலர் இதை விட்டுவிட்டுக் குழாய்களைத் திறந்தே டேங்கைக் காலி செய்கிறார்கள். கலங்கிய சேறு அத்தனையும் ஷவர் துளைகளிலும் வாஷிங் மெஷின் வலையிலும் போய் அடைத்துக்கொள்கிறது. நெடுநாள் தொடாத கேட் வால்வு இறுகியிருந்தால் பலம் போட்டுத் திருகாதீர்கள், உடைந்துவிடும். அதற்குப் பதில், டேங்குக்குள் இருக்கும் துளையில் துணியை உருட்டி அடைக்கலாம். அந்தத் துணியில் கயிறு கட்டி, மறு முனையை வெளியே தொங்கவிடுங்கள். வேலை முடிந்ததும் துணியை எடுக்க ஞாபகம் வரும்.

இனிதான் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். வெளியேறும் துளை தரை மட்டத்தில் இருக்காது, இரண்டு மூன்று விரல் மேலே இருக்கும். அதற்குக் கீழே நிற்கும் தண்ணீரில்தான் அழுக்கு முழுவதும் இருக்கிறது. அடியிலேயே கழிவு வால்வு வைத்த டேங்க் என்றால் கவலை இல்லை. மற்றவர்கள் குவளையால் மொள்ளப் பார்ப்பார்கள். குவளை பட்டதும் சேறு புகையாகக் கிளம்பிக் கலந்துவிடும், அப்புறம் மொண்டு மாளாது.

என் தேர்வு முக்கால் அங்குல ஹோஸ். அரை அங்குலம் என்றால் பாசித் துண்டு அடைக்கும். ஒளி ஊடுருவும் ஹோஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, சேறு போவது கண்ணுக்குத் தெரியும். ஒரு முனையைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். நேராக வெட்டிய முனை தரையோடு ஒட்டிக்கொண்டு இழுக்காது. அந்த முனையை ஒரு குச்சியில் கட்டுங்கள். ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, குச்சி முனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபின் விரலை எடுங்கள். மறு முனை டேங்கின் அடியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். விரலை விட்டதும் தண்ணீர் தானாக இறங்கும். குச்சியை மெதுவாக நகர்த்தினால் சேறு கோடு கோடாகக் காணாமல் போவதைப் பார்க்கலாம். நடுவில் காற்று புகுந்தால் நின்றுவிடும், மறுபடி நிரப்ப வேண்டியதுதான். கடைசி ஈரத்தைப் பழைய துண்டால் ஒற்றி எடுங்கள்.

தேய்க்க நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறலில்தான் அடுத்த பாசி ஒட்டும். சோப்புத்தூளும் வேண்டாம், நுரையை அலசி மாளாது. சுவரின் மேல்பகுதியை, அதாவது தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தை, அழுத்தித் தேயுங்கள். ஏடிஸ் கொசு தன் முட்டைகளை அங்கேதான் ஒட்டவைக்கும். காய்ந்துபோனாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் தண்ணீரை வெளியேற்றினால் மட்டும் போதாது.

அலசியபின் கிருமிநீக்கம். 10 லிட்டர் தண்ணீரில் 6 கிராம் பிளீச்சிங் பவுடர் (33 சதவீதக் குளோரின் உள்ளது) கரைத்தால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். மண்டியைத் தங்கவிட்டுத் தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டுச் சுவர், அடி, மூடியின் உட்புறம் எல்லாம் பூசி, அரை மணி நேரம் விட்டு, இரண்டு முறை அலசுங்கள். அலசிய தண்ணீரையும் அதே ஹோஸால் எடுத்துவிடலாம். கழிவறை ஆசிட் பக்கத்தில்கூட வரக்கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

பின்சேர்க்கை: டேங்க் நிரம்பியும் ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பைப்புக்குள் காற்று அடைத்திருக்கிறது. நன்றாக வரும் குழாயையும் வராத குழாயையும் ஒரு ஹோஸால் இணைத்து, முதலில் வராததையும் அப்புறம் வருவதையும் திறங்கள். பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் காற்றை டேங்க் பக்கமே துரத்திவிடும். சில நிமிடம் போதும். கீசர் குழாயில் தண்ணீர் சீராக வரும் வரை அதன் சுவிட்சைத் தொடாதீர்கள்.