விநாயகர் சதுர்த்தி: களிமண் எடுப்பது முதல் கரைப்பது வரை

ஆவணி மாதத்து வளர்பிறைச் சதுர்த்திக்குச் சந்தையில் நிற்கும் பிள்ளையார்களில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு நம் வீட்டுச் சம்பிரதாயமே விடை வைத்திருக்கிறது. பூஜை முடிந்தபின் நீரில் கரைய வேண்டிய உருவம் என்பதால், அது சுடாத, வண்ணம் பூசாத களிமண்ணாக இருக்க வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சத்தைச் சூடாக்கி எடுக்கும் பொடி. நீர் சேர்ந்ததும் மீண்டும் ஜிப்சமாகவே இறுகிவிடுவதால், அச்சிலைகள் ஏரியிலும் கடலிலும் எளிதில் கரையாமல் கிடக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இவற்றைத் தடை செய்திருக்கின்றன. களிமண் என்று சொல்லி விற்பதிலும் சுட்ட மண் உண்டு. விற்பவரிடம் ஒரு சில்லு கேட்டு வாங்கித் தண்ணீரில் போட்டால், பச்சை மண் சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். சுட்டது அப்படியே நிற்கும்.

வீட்டிலேயே செய்ய விரும்புவோர் சதுர்த்திக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. குயவரிடம் வாங்கிய களிமண்ணை இரவு முழுவதும் ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, கையில் ஒட்டாத பதத்திற்குப் பிசைந்துகொள்ள வேண்டும். பீடம், வயிறு, தலை, துதிக்கை என்று தனித்தனியே உருட்டி, சேரும் இடத்தில் இரு பக்கமும் ஈர்க்கால் கீறி, கூழாகக் கரைத்த மண்ணைத் தடவி ஒட்டினால்தான் துதிக்கை உலர்ந்தபின் கழன்று விழாது. ஒரு சாண் உயரத்திற்கு மேல் வேண்டாம். பருமன் கூடக்கூட உள்ளே ஈரம் தங்கி வெடிப்பு வரும். நேர் வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துவதும் இதனால்தான். கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது நெடுநாள் வழக்கம். அந்த விதை கடுமையான நச்சுடையது என்பதால், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மிளகு வைக்கலாம். அழகில் பெரிய குறையொன்றும் இல்லை.

சதுர்த்தியன்று கோலமிட்ட மனையில் வாழையிலையைப் போட்டு, பச்சரிசி பரப்பி, அதன்மேல் பிள்ளையாரை வைத்துக் குடை சாற்ற வேண்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய குடைகளைத் தவிர்த்து, சாதாரணக் காகிதக் குடையைத் தேடி வாங்குங்கள். முதலில் மஞ்சளில் பிடித்த சிறு பிள்ளையாருக்குப் பூஜை செய்து, அதன்பின் மண் உருவத்தில் ஆவாகனம் செய்வது, அதாவது பிள்ளையாரை எழுந்தருளச் சொல்லி அழைப்பது, பல வீடுகளின் முறை. எருக்கம்பூ மாலை, அருகம்புல், பத்திரங்கள் எனப்படும் இருபத்தொரு வகை இலைகள் ஆகியவை அர்ச்சனைக்குரியவை. வில்வம், வன்னி, நாயுருவி, மாதுளை, நொச்சி, மருது என்று நீளும் அந்தப் பத்திர வரிசையில் பெரும்பாலானவை தெருவோரத்திலும் தோட்டத்திலும் கிடைப்பவையே. செடியை மொட்டையடிக்காமல் ஒவ்வொன்றிலும் ஓரிரு இலைகள் பறித்தால் போதும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கேடு விளையும் என்பதால், மாலை தொடுத்ததும் கையை நன்றாகக் கழுவிவிட வேண்டும். தெர்மாகோல் மண்டபத்திற்குப் பதிலாக வாழைக்கன்றும் மாவிலைத் தோரணமும் கட்டலாம்.

நிவேதனத்தில் கொழுக்கட்டைதான் தலையாயது. ஒரு கப் அரிசி மாவுக்குச் சுமார் ஒன்றேகால் கப் கொதிநீர், சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துக் கிளறி, ஈரத்துணியால் மூடி வைத்தால், பூரணத்தை மூடும் மேல்மாவான சொப்பு வெடிக்காது. தேங்காய், வெல்லம், ஏலக்காய் சேர்த்த பூரணம் கையில் உருண்டை பிடிக்கும் அளவுக்குச் சுருண்டிருக்க வேண்டும்.

மறுநாளோ மூன்றாம் நாளோ, குடும்ப வழக்கப்படி புனர்பூஜை என்னும் நிறைவுப் பூஜை செய்து, சுண்டலோ தயிர்சாதமோ நிவேதித்து, பிள்ளையாரைச் சற்று வடக்கே நகர்த்தி வைத்தால் அவரை வழியனுப்பும் யதாஸ்தானம் ஆயிற்று. கிணற்றடி உள்ள வீடுகள் அங்கேயே கரைத்துவந்தன. இப்போது ஒரு பெரிய வாளி போதும். குடை, பூணூல், மாலை, கண்மணிகள் அனைத்தையும் எடுத்துவிட்டுத்தான் நீரில் இறக்க வேண்டும். ஓரிரவில் அது சேறாகிவிடும். அந்தச் சேற்றைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். தோட்டத்தில் பரவலாக ஊற்றலாம். தொட்டிச் செடிக்கென்றால், களிமண் மட்டும் இறுகி வேரை மூச்சுமுட்டச் செய்யும் என்பதால், மணலும் மக்கிய உரமும் மும்மடங்கு கலந்து நிரப்புங்கள். விதை வைத்த பிள்ளையார்கள் பலவற்றில் செடி முளைத்தும் நிலைக்காமல் போவதற்கு இந்த இறுக்கமும் ஒரு காரணம்.

மீந்த பூவையும் இலையையும் மாட்டுக்குப் போடும் பழக்கத்தை இந்தப் பண்டிகைக்கு மட்டுமாவது விட்டுவிட வேண்டும். பத்திரங்களில் அரளியும் ஊமத்தையும் உண்டு. அரளி சிறிதளவே மாட்டைக் கொன்றுவிடும். அவற்றை மண்ணில் குழி தோண்டிப் புதைத்து மக்கவிடுங்கள்.