சோலார், பேட்டரி, மின்சாரக் கார்: எதை முதலில், எந்த அளவில்?

தமிழ்நாட்டில் சொந்த வீட்டின் மொட்டை மாடியில் சோலார் வைக்க நினைப்பவர்கள், விலைப்பட்டியல் கேட்பதற்கு முன், கடந்த ஓராண்டுக்கான ஆறு மின்கட்டண விவரங்களையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கோடைக் கணக்கையும் மழைக்காலக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் சராசரி தெரியும். நம் கட்டண அமைப்பில் முதல் 100 யூனிட் இலவசம். மேலே போகப்போக ஒவ்வோர் அடுக்கிலும் விலை ஏறி, 1000 யூனிட்டைத் தாண்டியவற்றுக்கு யூனிட் 11 ரூபாய்க்கு மேல் போகிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைக் கடந்துவிட்டால், 101 முதல் 200 வரையிலான அடுக்குக்குக் கிடைத்துவந்த சலுகையும் போய்விடும். ஆகவே, சோலாரின் உண்மையான லாபம் மேல் அடுக்குகளை வெட்டுவதில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு இதில் அவசரம் ஏதுமில்லை.

அடுத்து, வாங்கப்போகும் வண்டியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடும் என்பதால், அதற்காகத் தனியே பேனல் கூட்ட வேண்டியதில்லை. காரின் கதை வேறு. யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு, சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் தேவைப்படும். ஏற்கெனவே 700 யூனிட் செலவாகும் வீடு அத்துடன் 1,040ஐத் தொட்டுவிடும்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். 4 கிலோவாட் என்றால் 960. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் வைத்தாலும் அவ்வளவுதான். நான்காவது கிலோவாட் முழுக்க நம் செலவு என்பதால், கார் வாங்குவது உறுதியாக இருந்தால் மட்டும் அதை இப்போதே போடலாம். இல்லையேல், இடத்தை மட்டும் ஒதுக்கி வைத்து, பின்னால் மின்வாரிய அனுமதியுடன் கூட்டிக்கொள்ளலாம். மானியம் வேண்டுமானால் பேனலின் செல்களும் இந்தியாவிலேயே தயாரானவையாக இருக்க வேண்டும்; விலைப்பட்டியலில் அது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி மாடிக்கு வருவோம், ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மாடியில் நின்று, தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, பக்கத்து வீட்டுத் தென்னை ஆகியவற்றின் நிழல் விளிம்பைச் சாக்குக்கட்டியால் கோடிட்டு வையுங்கள். இதை டிசம்பரில் செய்வது உத்தமம். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், ஏப்ரலில் காலடியில் சுருண்டு கிடந்த தொட்டி நிழல் வடக்கே நெடுக நீளும். பேனல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல்கூட அந்த வரிசையின் விளைச்சலைக் குறைத்துவிடும். பேனல்கள் தெற்கு நோக்கி, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில் இருந்தால் போதும். கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள் 2016இன் வர்தாவையும் 2018இன் கஜாவையும் மனத்தில் வைத்து, தாங்கு சட்டத்துக்குக் காசு குறைக்காமல் துத்தநாகப் பூச்சுள்ள கனமான இரும்பையே கேட்டு வாங்க வேண்டும். தளத்தைத் துளைத்து போல்ட் அடிக்க விட்டால் பிறகு மழைக்கு ஒழுகும். கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். கழுவுவதற்கு உப்புள்ள போர்வெல் தண்ணீர் ஆகாது. அது காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

பேட்டரியைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. இருவழி மீட்டர் உள்ள வீடுகளில், பகலில் வெளியே அனுப்பிய யூனிட் இரவில் எடுத்த யூனிட்டுடன் கழிக்கப்படுவதால், கட்டணத்தைக் குறைக்க இன்று பேட்டரி தேவையில்லை. ஆனால் பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், மின்தடை வந்ததும், கம்பத்தில் வேலை செய்யும் பணியாளரின் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும்; உச்சி வெயிலிலும் வீடு இருண்டுதான் கிடக்கும். அடிக்கடி மின்தடை வரும் ஊர்களில், பேட்டரியையும் இணைக்கக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் சிறிய லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் பொருந்தும். மின்விசிறி, விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, வைஃபை எல்லாம் சேர்ந்து 400 வாட் என்றால், நான்கு மணி நேரத்துக்கு 1.6 யூனிட்; இரண்டரை யூனிட் பேட்டரி அதற்குத் தாராளம். ஏசியையும் அதில் ஓட்ட ஆசைப்பட்டால் செலவு பல மடங்காகும்.

இந்தக் கணக்கு மாறக்கூடியது. மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மே மாதத்தில் 20,800 மெகாவாட்டைக் கடந்தது. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகி, மாலை விளக்கேற்றும் நேரத்தில் அது மறையும்போதுதான் மின்தொகுப்பு திணறுகிறது. மத்திய அரசு 2023இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் உள்ள இடங்களில் சூரிய நேரத்துக்குக் குறைந்த விலையும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் விலையும் வைக்க வழி செய்துள்ளன. அது வீடுகளுக்கும் வரும்போது காரைப் பகலில் சார்ஜ் செய்வதும் பேட்டரியை மாலையில் பயன்படுத்துவதும் பணமாகும். ஆகவே இன்றே ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்கி, பேட்டரிக்கான இடத்தையும் வயர் செல்லும் குழாய்ப் பாதையையும் விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

காருக்கு 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுக்க ஏற்றும் 3.3 கிலோவாட் சார்ஜரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும், 7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், மின்பளுவை உயர்த்தி மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிக்க நேரலாம். எதுவானாலும் மீட்டர் பலகையிலிருந்து தனி வயர், தனி எர்த்திங், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஏற்கெனவே மோட்டாருக்குப் போகும் வயரில் கிளை எடுப்பது தீக்கு அழைப்பு. சில கார்களில் வெளிச் சாதனங்களுக்கு மின்சாரம் தரும் வசதி உண்டு. மின்தடையின்போது அதைக் கொண்டு ஒரு குளிர்சாதனப் பெட்டியை நேரடியாக ஓட்டிக்கொள்ளலாம். ஆனால் வெளி மின்இணைப்பைத் துண்டித்து வீட்டைக் கார் மின்சாரத்துக்கு மாற்றும் சுவிட்ச் இல்லாமல் வீட்டு பிளக்கில் செருகி வீடு முழுக்க மின்சாரம் பாய்ச்ச ஒருபோதும் முயலக் கூடாது.