கணினி பாஸ்வேர்ட் மறந்துபோச்சா? ஃபார்மட் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக் கணக்கு எழுதும் லேப்டாப்பும் அதுவரை மூலையில் கிடக்கும். தடை முடிந்து டீசல் பாக்கி, ஐஸ் பாக்கி பார்க்கலாம் என்று திறந்தால் பாஸ்வேர்ட் ஞாபகம் வராது. மண்டபம், பாம்பன் பக்கம் இது சகஜம். கீழக்கரையில் சிக்கல் வேறு விதம்: லேப்டாப் வீட்டில் இருக்கும், பாஸ்வேர்ட் போட்டவர் துபாயில் இருப்பார்.

சர்வீஸ் கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஃபார்மட் போட்டுடலாம்ணே." போட்டால் கணினி திறக்கும், ஆனால் கணக்கு, கல்யாண போட்டோ எல்லாம் போய்விடும். அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கானவை. கணினி உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது உரியவர் சம்மதித்திருக்க வேண்டும்.

முதலில் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள்

நம் ஊர் உப்புக்காற்று இரும்பு கேட்டையே தின்றுவிடும், கீபோர்டை விட்டுவைக்குமா? உள்ளே இருக்கும் மெல்லிய இணைப்புகள் அரித்துப்போனால் ஏதாவது ஒரு எழுத்து விழாது, அல்லது இரண்டு தடவை விழும். பாஸ்வேர்ட் பெட்டியில் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. நீங்கள் சரியாகத்தான் அடித்திருப்பீர்கள்.

எழுத்துகளை அடித்ததும் பெட்டியின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு கண் படம் வரும். அதை அழுத்திப் பிடியுங்கள், அடித்தது அப்படியே தெரியும். ஒரு எழுத்து குறைகிறதா? திரையின் கீழ் வலது மூலையில் ஆக்சஸிபிலிட்டி குறி இருக்கும். அதில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து, மவுஸால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

அதே மூலையில் மொழிக் குறியையும் பாருங்கள். வீட்டில் யாராவது தமிழ் தட்டச்சு போட்டிருந்தால் அது தமிழில் நிற்கும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பின் எண்ணா, பாஸ்வேர்டா?

பலர் தினமும் அடிப்பது பின் எண்ணை. அது மறந்தால், சைன்-இன் ஆப்ஷன்ஸில் பாஸ்வேர்ட் காட்டினால் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். பின்னைத் தொடர்ந்து தப்பாகப் போட்டால் 'ஏ1பி2சி3' என்று ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொல்லும். பயப்பட வேண்டாம், அதை அடித்தால் மறுபடி பின் போட விடும், அவ்வளவுதான்.

எந்த வகைக் கணக்கு?

பாஸ்வேர்டை ஒருமுறை வேண்டுமென்றே தப்பாகப் போடுங்கள். 'மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்' என்ற பேச்சு வந்தால் அது மின்னஞ்சலோடு இணைந்த கணக்கு. பெட்டிக்குக் கீழே 'ரீசெட் பாஸ்வேர்ட்' என்று மட்டும் வந்தால் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும் லோக்கல் கணக்கு.

மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால் போனிலேயே மைக்ரோசாஃப்டின் பாஸ்வேர்ட் மீட்புப் பக்கத்தைத் திறந்து மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். பதிவு செய்த எண்ணுக்கோ இன்னொரு மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீடு வரும். கீழக்கரைக்காரர்களுக்கு இங்கேதான் இடிக்கும்: குறியீடு துபாயில் இருப்பவர் கையிலுள்ள சிம்முக்குப் போகும். அவரை அழைப்பில் வைத்துக்கொண்டே செய்யுங்கள், குறியீடு கொஞ்ச நேரம்தான் செல்லும். அந்த எண் இப்போது இல்லை, வேறு மின்னஞ்சலும் இல்லை என்றால் பாதுகாப்பு விவரங்களை மாற்ற 30 நாள் காத்திருக்க வேண்டிவரும். புது பாஸ்வேர்ட் வைத்ததும் லேப்டாப்பைப் போன் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். இணையம் இல்லாமல் புது பாஸ்வேர்டை அது ஏற்காது.

லோக்கல் கணக்கென்றால் 'ரீசெட் பாஸ்வேர்ட்' அழுத்துங்கள். கணக்கு தொடங்கும்போது பதில் சொன்ன 3 கேள்விகள் வரும்: பிறந்த ஊர், முதல் பள்ளி, சின்ன வயதுப் பட்டப்பெயர் போன்றவை. ஊர்ப்பெயரில் கவனம். ராம்நாட் என்று போட்டீர்களா, ராமநாதபுரம் என்றா? ராமேஸ்வரம் என்றால் நடுவில் 'எச்' உண்டா இல்லையா? எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். கேள்விகளே வரவில்லை என்றால், அதே கணினியில் அட்மின் உரிமையுள்ள வேறு கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் நுழைந்து கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுன்ட்ஸ் வழியாக உங்கள் பாஸ்வேர்டை மாற்றலாம்.

எதுவும் நடக்கவில்லையா?

இப்போது கடைக்குப் போகலாம், ஆனால் ஃபார்மட்டுக்கு அல்ல. "டிஸ்க்கைக் கழற்றி வேற கணினியில மாட்டி ஃபைல்களை எடுத்துக் கொடுங்க" என்று கேளுங்கள். டிஸ்க்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் டிஸ்க் திறக்காது. அந்த கீ பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், போனில் உள்ளே போய்ப் பார்க்கலாம். பாஸ்வேர்டை உடைக்கும் இலவச மென்பொருள் என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் இறக்காதீர்கள், வைரஸ்தான் மிஞ்சும்.

ஃபைல்கள் கைக்கு வந்த பிறகு, லாக் ஸ்கிரீனில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங் என்று வரிசையாகப் போங்கள். சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். பராமரிப்புக்காக கரன்ட் நிறுத்தும் நாளில் இதைத் தொடங்கவே வேண்டாம். விண்டோஸ் புதிதாக வந்ததும் முதல் வேலையாக அட்மின் உரிமையோடு இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதன் பாஸ்வேர்டைப் படகுக் கணக்கு நோட்டில் அல்லாமல் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பையில் வையுங்கள்.