வார்டில் கைபேசி: செவிலியர் மாணவர்களுக்கான பயன்பாட்டு வழிகாட்டி

செவிலியர் கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே கைபேசியைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பேச்சுகள் மாணவர் காதில் விழுகின்றன. வார்டில் அதைக் கண்ணில் காட்டவே கூடாது என்பார் ஆசிரியர். கையில்தான் வைத்திருக்கிறாயே, இந்த மருந்தின் விவரத்தைப் பார்த்துச் சொல் என்பார் பணியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ். இரண்டிலும் நியாயம் உண்டு. 2021-22 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த இந்தியச் செவிலியர் கவுன்சிலின் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் நலவாழ்வுத் தகவலியல் (நோயாளி பராமரிப்பில் கணினித் தகவல்களைக் கையாளும் துறை) ஒரு பாடமாகவே இடம்பெற்றுவிட்ட பிறகு, கருவியைத் தொடலாமா கூடாதா என்று கேட்பதில் பொருளில்லை. எந்த நேரத்தில், எந்த வேலைக்கு, எந்த அளவு நம்பிக்கையோடு அதைக் கையில் எடுப்பது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நோயாளியின் படுக்கைக்கு வரும் முன்பும், படுக்கையை விட்டு நகர்ந்த பின்பும் கைபேசிக்கு வேலை உண்டு. படுக்கையருகே நிற்கும் நேரத்தில் அதற்குப் பெரும்பாலும் வேலை இல்லை. பின்வரும் குறிப்புகள் எல்லாம் இந்தப் பிரிவினையை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன.

கருவியும் அனுமதியும்

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சீருடைப் பையில் அடங்குகிற, ஒரு நாள் முழுவதும் மின்னேற்றம் தாங்குகிற சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசி போதும். பாடநூல் படிக்கக் கைக்கணினி வசதிதான் என்றாலும், அதை வார்டுக்குக் கொண்டு வருவதால் வைக்க இடமின்றி நோயாளியின் லாக்கர் மேலும் மருந்து டிராலி மேலும் வைக்க நேரும் என்பதால் விடுதியிலேயே விட்டுவிடுவது நல்லது. முகக்கவசம் அணிந்த முகத்தைப் பல கைபேசிகள் அடையாளம் காணா. எனவே ஆறு இலக்கக் கடவு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டிய திரையில் செய்திகளின் உள்ளடக்கம் தெரியாதபடி அமைப்பை மாற்றிவிட வேண்டும்.

போஸ்டிங் (ஒரு வார்டில் பயிற்சி பெறும் காலம்) தொடங்கும் முதல் நாளன்றே அந்த வார்டின் விதியைக் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடமும் (வார்டில் பயிற்சி தரும் ஆசிரியர்) வார்டு பொறுப்புச் செவிலியரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கைபேசி அறவே கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மருத்துவமனையிலும் தனித்தனி விதி இருக்கும். கோவை, ஈரோடு, நாமக்கல் பகுதிகளின் கல்லூரி விடுதிகள் பலவற்றில் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் சற்று நேரம் மட்டும் தருவது வழக்கம் என்பதால், கருவி கையில் இல்லாத வேளையிலும் படிப்பு நடக்கும்படி சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு கட்டாயம் இருக்க வேண்டும். மருந்தளவுக் கணக்குகளை அந்தக் குறிப்பேட்டில்தான் போட வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் உண்டு; அது கீழே வருகிறது.

மருந்து விவரம் பார்த்தல்

மருந்தைத் தேடும்போது வணிகப் பெயரை இடாமல் மருந்தின் பொதுப்பெயரை இட்டுத் தேட வேண்டும். எழுத்துகளைத் தட்டும்போது திரையில் வரிசையாக வந்து நிற்கும் பெயர்களில் அவசரமாக ஒன்றைத் தொடுவதால்தான் டோபமினுக்குப் பதில் டோபுடமின் பக்கம் திறக்கிறது. திறந்த பக்கத்தின் தலைப்பை, கையில் இருக்கும் குப்பியின் லேபிளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பின்பே அதற்கடுத்த வரியைப் படிக்க வேண்டும்.

மெட்ஸ்கேப் போன்ற செயலிகளில் மருந்து விவரங்களை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் பார்க்கலாம். ஆனால் அவை அமெரிக்க நடைமுறையை ஒட்டி எழுதப்பட்டவை. அங்கே பாராசிட்டமால் அசிட்டமினோஃபென் என்றும், அட்ரினலின் எபிநெஃப்ரின் என்றும், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால் என்றும் பட்டியலிடப்பட்டிருக்கும். நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் குப்பிகளின் செறிவும் அங்கு சொல்லப்படும் செறிவும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்திய மருந்தியல் ஆணையம் வெளியிடும் நேஷனல் ஃபார்முலரி ஆஃப் இந்தியாவை உடன் வைத்து ஒப்பிடுவது நல்ல பழக்கம். சில வெளிநாட்டுச் செயலிகள் ரத்தச் சர்க்கரையை மில்லிமோலில் காட்டும். அதை 18-ஆல் பெருக்கினால்தான் நாம் பழகிய மில்லிகிராம் கணக்கு வரும்.

இன்சுலினைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும், 100 யூனிட் உள்ள குப்பியும் புழக்கத்தில் உள்ளன. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. இணையத்தில் கிடைக்கும் அயல்நாட்டுச் செய்முறைக் காணொளிகளில் 100 யூனிட் வகை மட்டுமே காட்டப்படும். அதைப் பார்த்துப் பழகிய ஒருவர், 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே செல்வது 50 யூனிட். எதிர்த்திசையில், 40 யூனிட் இன்சுலினை 100 யூனிட் சிரிஞ்சில் அதே 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட் மட்டுமே செல்லும். எந்தச் செயலியும் இந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லாது. குப்பியையும் சிரிஞ்சையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

மருந்து கொடுத்தபின் எதிர்பாராத விளைவு ஏதேனும் தோன்றினால், அதை உடனே பணியில் இருக்கும் செவிலியரிடம் சொல்வதே மாணவரின் முதல் கடமை. அதன்பிறகு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலோ அதன் செயலியிலோ செவிலியர்களே புகார் பதியலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு: முதலில் காகிதம், பிறகு திரை

சொட்டு வேகம், குழந்தைக்கான மருந்தளவு ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தரும் செயலிகள் ஏராளம். அவற்றைச் சரிபார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். காகிதத்தில் விடை எழுதாமல் திரையைத் திறக்கக் கூடாது. காரணம் எளிது. விடை எந்த அளவில் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மனத்தில் இல்லாதவருக்கு, திரையில் தோன்றும் எந்த எண்ணும் சரியாகவே தெரியும்.

500 மில்லி சலைன் ஆறு மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐ.வி. செட்டின் உறையில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று அச்சிடப்பட்டிருக்கிறது. 500-ஐ 20-ஆல் பெருக்கி 360 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 சொட்டு. அதாவது 15 நொடிக்கு 7 சொட்டு. இதே கணக்கைச் செயலியில் இடும்போது, அதில் முன்னிருப்பாக 15 சொட்டு என்று இருந்து அதை நாம் மாற்றாமல் விட்டால், நிமிடத்துக்கு 21 என்று விடை வரும். அந்த வேகத்தில் விட்டால் ஆறு மணி நேரத்தில் முடிய வேண்டிய திரவம் முடிய ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். செயலி பொய் சொல்லவில்லை. உறையைப் படிக்காதது நம் பிழை. 60 சொட்டு மைக்ரோ செட்டாக இருந்தால் கணக்கே வேண்டியதில்லை, மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

குழந்தைகள் வார்டில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் எழுதப்பட்டிருந்தால் மொத்தம் 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3.6 மில்லி. இரண்டு பாட்டில்களும் ஒரே மருந்துக் கடையில் ஒரே அலமாரியில் இருக்கும். முந்தைய வேளைக்குக் கணக்கிட்ட விடை செயலியின் நினைவில் இருக்கிறதே என்று அதையே எடுத்தாள்வது இங்கு பெரும் தீங்கில் முடியலாம்.

எண்ணைத் தட்டச்சு செய்யும்போது 0.5 என்று முன்னால் பூச்சியத்தோடு எழுத வேண்டும். வெறும் புள்ளி ஐந்து என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். 5.0 என்று எழுதினால் அது 50 ஆகிவிடும். எந்தக் கணக்கானாலும் ஆசிரியரோ ஸ்டாஃப் நர்ஸோ தனியாகப் போட்டுப் பார்த்து, இரண்டு விடையும் ஒத்து வந்த பிறகே மருந்தைக் கையில் எடுக்க வேண்டும்.

நோயாளியின் முன்னால்

பெரியவர்கள் நேரடியாகவே கேட்டுவிடுவார்கள்: “ஏன் அம்மிணி, வந்ததிலிருந்து அதையேதான் பாத்துட்டு இருக்கறீங்க?” கைபேசியைப் பின்னால் மறைப்பதைவிட, “உங்க மருந்து விவரத்தைத்தானுங்க பார்த்தேன், இதோ வெச்சுட்டேன்” என்று சொல்லிப் பையில் போடுவது நல்லது. முடிந்தவரை நர்சிங் ஸ்டேஷனிலேயே பார்த்து முடித்துவிட்டுப் படுக்கைக்கு வர வேண்டும். நாடித்துடிப்பும் மூச்சும் எண்ணுவதற்குக் கைபேசியின் நொடிமுள்ளை நம்பாமல், சீருடையில் குத்தும் கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. அழைப்பு வந்து திரை மாறினால் எண்ணிக்கை போயிற்று.

திருப்பூர், பல்லடம் பகுதி மருத்துவமனைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து பின்னலாடை, விசைத்தறி வேலைக்கு வந்தவர்கள் நோயாளிகளாக வருவது அன்றாடக் காட்சி. இங்கு மட்டும் படுக்கையருகே கைபேசி உதவும். மொழிபெயர்ப்புச் செயலியில் ஒரு நேரத்தில் ஒரு சிறு கேள்வியை மட்டும் இட வேண்டும்: வலி எங்கே, எப்போது தொடங்கியது, இதற்கு முன் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா. வந்த மொழிபெயர்ப்பை மறுபடியும் தமிழுக்குத் திருப்பிப் பார்த்தால் பாதிப் பிழைகள் பிடிபடும். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் பெறுவது, மருந்து உட்கொள்ளும் முறையை விளக்குவது ஆகியவற்றுக்கு அந்த மொழி பேசும் ஆளைத்தான் வரவழைக்க வேண்டும். செயலியை வைத்துச் சமாளிப்பது முறையல்ல.

படமும் பகிர்வும்

நோயாளியின் உடலை, கேஸ் ஷீட்டை, எக்ஸ்ரேயை மாணவர் தம் கைபேசியில் படமெடுக்கக் கூடாது. முகத்தை மறைத்துவிட்டேன் என்பது சமாதானமாகாது. கையில் குத்திய பச்சை, மணிக்கட்டுப் பட்டையிலுள்ள ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), பின்னால் தெரியும் படுக்கை எண், படத்தோடு சேர்ந்து பதிவாகும் இடக்குறிப்பு ஆகிய எதுவும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். எடுத்த படம் தானாகவே கூகுள் போட்டோஸில் ஏறிவிடலாம். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாற்பது பேரின் கேலரியில் தானாக இறங்கிவிடும். தன் கைபேசியில் அழித்தாலும் அங்கெல்லாம் அழியாது.

கேஸ் பிரசன்டேஷனுக்கு (ஒரு நோயாளியைப் பற்றி வகுப்பில் விளக்கிப் பேசுவது) எழுதும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். “சென்னிமலைக்குப் பக்கத்தில் சொந்தத் தறி வைத்திருக்கும் 46 வயதுக்காரர், சென்ற வாரம் இயந்திரத்தில் கை சிக்கியவர்” என்று கைபேசியில் குறித்து வைத்தால், பெயரே இல்லாவிட்டாலும் அந்த வட்டாரத்தில் யாருக்கும் ஆள் தெரிந்துவிடும். “46 வயது ஆண், நெசவுத் தொழில், வலக்கை நசுங்கல் காயம்” என்பது கேர் பிளானுக்கு (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) போதுமானது. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டமும் தடை செய்கின்றன. அறியாமல் பகிர்ந்தேன் என்ற பதில் அங்கு எடுபடாது. வார்டில் சீருடையோடு ரீல்ஸ் எடுப்பதைப் பற்றித் தனியாக எழுத வேண்டிய அவசியம் வந்ததே வருத்தம்தான். செய்முறையைப் படமெடுத்துத் தன் பிழையைத் தானே பார்க்க விரும்பினால், ஆசிரியரின் அனுமதியோடு ஸ்கில் லேபில் பொம்மையின் மீது செய்து எடுக்கலாம். அது உண்மையிலேயே பயன் தரும்.

உரையாடல் செயலிகளான செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நோயாளியின் விவரத்தை இட்டுக் கேர் பிளான் எழுதச் சொல்வதும் பகிர்வுதான். தேர்வுக்கு மாதிரி வினாக்கள் கேட்டு வாங்கலாம். மருந்தளவைக் கேட்கக் கூடாது.

மலைப்பகுதிப் போஸ்டிங்

சமுதாயச் செவிலியப் பயிற்சிக்காகத் தாளவாடி, பர்கூர், கொல்லிமலை, வால்பாறைப் பக்கம் செல்பவர்கள் அங்கே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்று எண்ணியே கிளம்ப வேண்டும். தடுப்பூசி அட்டவணை, நோயறிதல் கையேடு, வரைபடம் ஆகியவற்றை முந்தின இரவே இறக்கி வைத்து, விமானப் பயன்முறையில் திறந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும். குழந்தையின் மூச்சை எண்ணும் அளவுகள் மனப்பாடமாகவே இருப்பது நல்லது: நிமிடத்துக்கு, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.

கிராமச் செவிலியர் தம் கைக்கணினியில் தமிழ்நாடு அரசின் கர்ப்பப் பதிவுத் தளமான பிக்மியில் கர்ப்பிணிகளைப் பதிவதை அருகிருந்து கற்கலாம். அவருடைய கடவுச்சொல்லை வாங்கித் தானே பதிவது கூடாது. அங்கே ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வழங்கப்படும் ஆர்.சி.எச். எண் என்ற பதிவு எண்ணில் பிழை நேர்ந்தால் பின்னர் பிறப்புச் சான்றிதழுக்கு அந்தத் தாய்தான் அலைய நேரும்.

துடைத்தலும் அழித்தலும்

கையுறை அணிந்த கையால் கைபேசியைத் தொடக் கூடாது. தொட்ட பின் நோயாளியிடம் செல்வதற்கு முன் கை கழுவ வேண்டும் அல்லது ஹேண்ட் ரப் பயன்படுத்த வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் கைபேசியை அணைத்து, உறையைக் கழற்றி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். நேரடியாகத் தெளிக்கவோ பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்தவோ கூடாது. உறையைச் சோப்பு நீரில் கழுவிக் காயவிட்டு மாட்டலாம். தனிமைப்படுத்தப்பட்ட நோயாளியின் அறைக்குள் கைபேசியைக் கொண்டு செல்லாமலிருப்பதே சரி.

ஒவ்வொரு போஸ்டிங்கும் முடியும் நாளில், கேஸ் தொடர்பாகக் கைபேசியில் எழுதிய குறிப்புகளைக் கேர் பிளான் ஒப்படைத்த பின் அழித்து, குப்பைக் கோப்புறையையும் காலி செய்து, அந்த வார்டுக்கென்று தொடங்கிய வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட வேண்டும். கைபேசியை விற்கும்போதோ தம்பி தங்கைக்குக் கொடுக்கும்போதோ கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டு, ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டே கொடுக்க வேண்டும்.