மாருதி 800-க்கு வீட்டிலேயே கிளட்ச் மாற்றலாமா?

பழைய காரில் நாமே செய்யக்கூடிய வேலைகளில் எது கடினம் என்று கேட்டால், கிளட்ச் மாற்றுவதைத்தான் சொல்வேன். தேய்வது ஒரு தட்டுதான். ஆனால் அதைத் தொட கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். 1983-இல் அறிமுகமாகி 2014 வரை தயாரான மாருதி 800 இதைப் பழக நல்ல வண்டி: 796 சிசி, மூன்று சிலிண்டர், கேபிள் கிளட்ச். ஆயில், பிரேக் பேடு எல்லாம் மாற்றிப் பழகியவர்கள் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு இறங்கலாம்.

முதலில் கேபிளைப் பாருங்கள்

ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை, மேட்டில் கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். கிளட்ச் பெடலில் கொஞ்சமாவது வெறும் ஆட்டம் (மிதித்தும் கிளட்ச் அசையாத சிறு இடைவெளி) இருக்க வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தாலும் கிளட்ச் இப்படித்தான் வழுக்கும். அதைச் சரிசெய்தும் வழுக்கினால், தேயும் தட்டான கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். இத்தனை வேலை செய்துவிட்டுப் பழைய பேரிங்கைத் திரும்பப் போடுவது வீண் சிக்கனம்.

இறக்குவது

முந்தைய நாள் மாலையே துருப்பிடித்த நட்டு, போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மறுநாள் சமதளத்தில், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கியர் ஆயிலை வடியுங்கள். கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், கியர் ராடுகள், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று வரிசையாகக் கழற்றும்போது ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. அட்டையில் கியர்பாக்ஸின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

முன்சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் பால் ஜாயின்ட்டை விடுவித்து, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலின் உள்முனையை நெம்பி எடுத்துக் கம்பியால் கட்டி வையுங்கள். தொங்க விட்டால் ரப்பர் பூட் கிழியும். இந்த பால் ஜாயின்ட் போல்ட்தான் பழைய வண்டியில் பாதி நாளைத் தின்றுவிடும். முதலில் லேசாக இறுக்கிப் பார்த்துவிட்டுத் தளர்த்துங்கள், துருவின் பிடி விடும்.

இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கியால் இன்ஜினைத் தாங்கிய பிறகே கியர்பாக்ஸ் மவுன்டிங்கைக் கழற்றலாம். கியர்பாக்ஸுக்குத் தனி ஜாக்கி கொடுத்து, இன்ஜினிலிருந்து விலகும்படி நேராகப் பக்கவாட்டில் இழுத்து இறக்குங்கள்.

பிளேட் மாற்றுவது

உள்ளே படிந்திருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். மாஸ்க் போட்டு, ஈரத் துணியால் துடையுங்கள். பிளேட் உரசும் இன்ஜின் சக்கரமான பிளைவீலில் வெடிப்போ நீலம் பாரித்த திட்டோ தெரிந்தால் லேத்தில் காட்டுங்கள். ஆயில் கசிந்திருந்தால் கசிவைத் தடுக்கும் ஆயில் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

புதிய பிளேட்டில் மையம் புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். சென்டரிங் கருவியை நுழைத்துப் பிளேட்டை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பற்களுக்கு கிரீஸ் பூசியது போலத் தெரிந்தால் போதும். அதிகமானால் தெறித்துப் பிளேட்டைப் பாழாக்கும்.

மாட்டுவதுதான் பாடு

கழற்றுவதற்குப் பலம் போதும், மாட்டுவதற்குப் பொறுமை வேண்டும். கியர்பாக்ஸ் முக்கால்வாசி ஏறி, அரை அங்குல இடைவெளியில் நின்றுவிடும். அப்போது போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுக்கவே கூடாது, கியர்பாக்ஸின் காது (போல்ட் நுழையும் ஓரம்) உடைந்துவிடும். அதன் எடை பிளேட்டில் தொங்கவும் விடாதீர்கள். இரண்டு முகங்களும் இணையாக இருக்கின்றனவா என்று சுற்றிலும் பாருங்கள். துணைக்கு இருப்பவர் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெல்லத் திருப்பட்டும். பற்கள் பொருந்தினால் கியர்பாக்ஸ் தானாக உள்ளே போகும். போகவில்லையா, பிளேட் நடுவில் இல்லை. திரும்பக் கழற்றி மறுபடி நடுவில் நிறுத்த வேண்டியதுதான்.

அப்புறம் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் மாட்டி, லெவல் துளையில் வழியும் வரை கியர் ஆயில் ஊற்றுங்கள். பெடல் ஆட்டத்தை வைத்து, ஸ்டார்ட் செய்து, சத்தமில்லாமல் ரிவர்ஸ் விழுகிறதா என்று பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் கிளட்ச்சைப் பாதி மிதித்து ஓட்டாதீர்கள். மறுநாள் காலை ஆக்சில் சீல்களில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.